தெற்கு மடை

பாறசாலை
1954 அக்டோபர் 3

ஆனந்தவல்லிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டிய கடிதம் இதுவல்ல. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நீ வீட்டைவிட்டு இறங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் வாரம் கோபம் என்று விட்டேன். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். இப்போது யாரும் கேட்பதில்லை. ஊர் தானாகவே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நீலகண்ட பிள்ளையின் பெண்சாதி தம்பிக்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்கிறார்கள். சந்தையில் ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சிரித்தான்.

உன் தம்பி சிவதாணு என்ன செய்தான்? தமிழ்த் தாலுகாக்களை மதராசோடு சேர்க்க வேண்டும் என்று கொடி பிடித்தான். பிடிக்கட்டும். நாமும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் என் வீட்டுப் புறவாசலில் வந்து நின்றான். கண்ணன்விளையில் உங்கள் வீட்டில் இருந்தால் அகப்படுவான் என்று இங்கே வந்தான். அவனோடு சேர்ந்து நான் அகப்பட்டால் பரவாயில்லை என்று நினைத்தான் போலும். நான் குளக் கமிட்டித் தலைவன். தாலுகா ஆபீசில் எனக்கு நாற்காலி போடுவார்கள். ஸ்டேஷனுக்கு ஆளனுப்பித் தகவல் சொன்னேன். இன்னொரு முறை வந்தாலும் சொல்வேன்.

ஷியாமளா நன்றாக இருக்கிறாள். அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எட்டு வயசுப் பிள்ளை இதை எத்தனை நாள் நம்புவாள் என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு முன் வந்து சேர். அழைக்க ஆள் வரும் என்று எதிர்பார்க்காதே.

நீலகண்டன்


கண்ணன்விளை
1954 அக்டோபர் 11

அத்தானுக்கு,

சிவதாணு ஜாமீனில் வந்துவிட்டான். எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை. சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்துகிறது. நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இருபத்து மூன்று வயசுப் பையன்.

ஆளனுப்பித் தகவல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அவ்வளவுதானா? "இரிலே, முதல்ல சோறு தின்னு" என்று அவனை உட்கார வைத்தது நீங்கள். என்னை இலை போடச் சொன்னதும் நீங்கள். "நல்லா விளம்பு, பய ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல்ல போலிருக்கு" என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அத்தான். உங்களுக்கு இவ்வளவு மனசு உண்டா என்று அடுக்களையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மடைக் காவல் செல்லசாமியை நீங்கள் ஸ்டேஷனுக்கு விரட்டியது எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை சோறு விளம்பிக்கொண்டிருந்தபோது அவர்கள் உள்ளே வந்தார்கள். அவனைக் கை கழுவக்கூட விடவில்லை. எச்சில் கையோடு முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் முற்றத்தில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள்.

பிடித்துக் கொடுத்ததற்காக நான் இறங்கி வரவில்லை. பயந்த மனுஷன் அப்படிச் செய்வான். என் கையாலேயே விளம்ப வைத்தீர்களே, அதற்காகத்தான் வந்தேன்.

ஷியாமளாவை அனுப்புங்கள். அம்மை என்று சொன்னீர்கள், சரி. அடுத்தது செத்துப்போனேன் என்று சொல்வீர்களோ?

ஆனந்தவல்லி


கண்ணன்விளை
1955 ஜனவரி 18

அத்தானுக்கு,

ஷியாமளாவை நீங்கள் அனுப்பவில்லை. அதை எழுதத் தொடங்கினால் மற்றதை எழுத முடியாது. இது ஊர்க் காரியமாக எழுதுகிற கடிதம்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை ஏமாற்றியது உங்களுக்கும் தெரியும். நெய்யாற்றிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலில் ஓட்டம் இல்லை, குளம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று செல்லசாமியே சந்தையில் சொன்னானாம். குளம் பாதியானால் முறை வைப்பதுதான் வழக்கம். வடக்கு மடை ஒரு வாரம் உங்கள் ஊருக்கு, தெற்கு மடை ஒரு வாரம் எங்கள் ஊருக்கு. சண்டை நடந்த வருஷங்களில்கூட இது தவறவில்லை. தை பிறந்ததும் எங்கள் முறை. இன்னும் தெற்கு மடை திறக்கவில்லை. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற நேரம் இது. இப்போது ஒரு நனைப்பு கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

அப்பா உங்களைப் பார்க்க வந்தார். என்ன நடந்தது என்று அப்பா சொல்லவில்லை, கூட வந்தவர்கள் சொன்னார்கள். உங்கள் சொந்தத் தாய்மாமனை உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தி, "மாமா குடை கொண்டு வரல்லியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்களாம். அவர்கள் வெகுநேரம் நின்றார்களாம்.

கமிட்டிதான் தடுக்கிறது, அவர் தடுக்கவில்லை என்று நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று எழுதுங்கள்.

ஆனந்தவல்லி


பாறசாலை
1955 ஜனவரி 25

ஆனந்தவல்லிக்கு,

கமிட்டி என்றால் நான்தான். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறாய் என்றால் இன்னும் என் பெயருக்குக் குறைவு வரக் கூடாது என்று நினைக்கிறாய். நல்லது.

உன் தம்பியின் கூட்டம் விளவங்கோட்டுத் தாலுகாவோடு நிற்கவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்கூட மதராசுக்கு வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் குளத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். கிடைக்கும்வரை காத்திருக்கட்டும். மலையடியில் நெய்யாற்றுக்கு அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. இடதுகரைக் கால்வாய்க்குக் கல் நட்டுக்கொண்டு வருகிறார்கள். அது வந்தால் எல்லோருக்கும் குடிக்கவும் பாய்ச்சவும் வெள்ளம் உண்டு. அதுவரைக்கும் இந்தக் குளம்தான். தெற்கு மடையில் மரப்பலகையை எடுத்துவிட்டு இரும்பு ஷட்டரும் பூட்டும் வைத்தபோது உன் அப்பாவும் கூட நின்று தேங்காய் உடைத்தார். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ வீடு வந்து சேரும் நாளில் தெற்கு மடை திறக்கும். வராதவரைக்கும் திறக்காது.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. குளித்து, விளக்கு வைத்துக் கும்பிட்டு, காலைச் சாப்பாடும் முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

நீலகண்டன்


கண்ணன்விளை
1955 பிப்ரவரி 2

அத்தானுக்கு,

வர மாட்டேன்.

வயல் எங்களுக்கு மட்டும் இல்லை. அடுத்த வீட்டு விலாசினிக்கும் உண்டு. புருஷன் கிடையாது, குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த நிலம். ஆடி மாதத்திலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள்தான் அதில் கிடக்கிறாள். அவள் உங்களுக்கு என்ன செய்தாள்? கொடி பிடித்தாளா? உங்களைவிட்டு இறங்கிப் போனாளா? இரண்டு நாள் முன்பு அவள் கிணற்றிலிருந்து குடத்தில் கோரிக்கொண்டுபோய் வயலில் ஊற்றினாள். வெடிப்பு குடித்துவிட்டது. ஒரு பயிரின் வேர்கூட நனையவில்லை. அவள் திரும்பி வந்து மறுபடியும் கோரினாள்.

சிவதாணு திருவனந்தபுரத்துக்கு மனு கொண்டுபோனான். அங்கே ஓர் ஆபீசில் இது பொதுமராமத்துக் காரியம் என்றார்களாம். இன்னொன்றில் குளக் கமிட்டியிடம் கேள் என்றார்களாம். அவன் பேச்சைக் கேட்டதும் "தமிழ்நாட்டுக்காரன் ஆயாச்சோ?" என்று சிரித்தார்களாம்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு வெட்கம் இல்லை, அதனால் நான் படுகிறேன்.

ஆனந்தவல்லி


பாறசாலை
1955 பிப்ரவரி 10

ஆனந்தவல்லிக்கு,

ஒருவரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் நான் சொல்லச் சொன்னேன். களியக்காவிளைச் சந்தையில் உங்கள் ஊர்க்காரர்கள் கூடியிருந்த இடத்தில் செல்லசாமி போய்ச் சொன்னான். "நீலகண்ட பிள்ளைக்கப் பெண்சாதி வீடு வந்து சேர்ந்தா அண்ணைக்கே தெற்கு மடை தொறக்கும். வேற ஒரு காரணமும் கெடையாது." இந்த வார்த்தையேதான். கூட்டாமல் குறைக்காமல் சொன்னதாகச் சத்தியம் செய்கிறான்.

இனி உன் ஊருக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று மழை. இன்னொன்று நீ.

நீலகண்டன்


கண்ணன்விளை
1955 பிப்ரவரி 22

அத்தானுக்கு,

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலில் பெண்கள் வந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து ஆடு குட்டி போட்டது, கோயில் கொடை இந்த வருஷம் உண்டா என்று வேறு என்னென்னவோ பேசினார்கள். எழுந்து போகும்போது விலாசினி மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்து என் கையில் வைத்தாள். "அக்கா, இதில பால் உண்டா பாரு" என்றாள். நசுக்கிப் பார்த்தேன். பொக்கு, வெறும் உமி. "இன்னும் பச்சை உள்ள இடமும் உண்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கும். கோயிலுக்குப் போனால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள், பெரிய இடத்துப் பெண்ணுக்கு ஒதுங்குவது போல. அப்பாவைக் கூப்பிட்டு ஊர் கூடியது. சிவதாணு போய்ச் சத்தம் போட்டான். "எனக்க அக்கா என்ன, மடைப் பலகையா? தூக்குனா வெள்ளம் வருமா?" ஒருவர் எழுந்து, "நீ மதராஸ் கேட்டதினாலயாக்கும் இவ்வளவும் வந்துது. நீ வாய் தொறக்காதலே" என்றார். கூட்டத்தில் ஒருவரும் இவன் பக்கம் பேசவில்லை. என் அப்பாவும் பேசவில்லை.

இன்று காலையில் அப்பா என் டிரங்குப் பெட்டியை முன்னறைக்கு எடுத்து வந்தார். புடவைகளை அவரே மடித்து வைத்திருந்தார். ஆம்பிளை மடிப்பு, ஓரம் சேரவில்லை. "போ" என்று சொல்லவில்லை. "சனிக்கிழமைக்கு வண்டி சொல்லியிருக்கேன்" என்றார். சிவதாணு மட்டும் வாசலில் குறுக்கே நின்றான். அப்பா அவனைக் கையைப் பிடித்துத் தள்ளினார். அந்தக் கையைப் பிடித்து.

நான் வாறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வருவதற்கு ஒரு நாள் முன்பே மடையைத் திறந்துவிடுங்கள். ஊர் என்னை விற்கவில்லை, நானாக வந்தேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும்.

ஆனந்தவல்லி


பாறசாலை
1955 பிப்ரவரி 24

முதலில் நீ. பிறகு வெள்ளம்.

நீலகண்டன்


திருவனந்தபுரம்
1956 டிசம்பர் 20

ஆனந்தவல்லிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றே முக்கால் வருஷமாக நீ என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது. பதில் வராவிட்டால் தபாலைக் குறை சொல்லலாம்.

கால் புண் ஆறவில்லை. சர்க்கரை இருக்கும்வரை ஆறாது என்கிறார்கள். பாதத்தைத் தாண்டி நிறம் மாறுகிறது. அறுக்க வேண்டி வரலாம் என்று பெரிய டாக்டர் இங்கிலீஷில் இன்னொருவரிடம் சொன்னார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

குளத்துக் காரியம். நவம்பர் முதல் தேதியோடு கோடு விழுந்துவிட்டது. நாம் கேரளம், கண்ணன்விளை மதராஸ். உன் தம்பி கேட்டது அவனுக்குக் கிடைத்தது. அளக்க வந்தவர்கள் எல்லைக் கல்லைக் குளத்தின் தெற்குக் கரையிலேயே நட்டுவிட்டுப் போனதை நீயும் பார்த்திருப்பாய். கரையின் உள்சரிவு நமக்கு, வெளிச்சரிவு அவர்களுக்கு. வெள்ளம் முழுவதும் உள்சரிவில் இருக்கிறது. இந்த வருஷமும் மழை இல்லை. முறை கேட்டு வருவார்கள். பழைய முறை பழைய சமஸ்தானத்தோடு போயிற்று. இடதுகரைக் கால்வாயின் படத்தையும் பார்த்தேன். அது நம் ஊரைத் தாண்டித்தான் அவர்களுக்குப் போக வேண்டும். இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதட்டும், அது எழுதி முடியும்வரைக்கும் ஒரு சொட்டுக்கூட விட வேண்டாம்.

சாவியைக் கமிட்டிக்காரர்களிடம் கொடுக்காமல் உன்னிடம் ஏன் கொடுத்தேன் என்று நினைத்திருப்பாய். அவர்களில் ஒருவன் இரங்குவான், இன்னொருவன் பயப்படுவான். நீ இரண்டும் செய்ய மாட்டாய். அன்றைக்கு உன்னைக் கூட்டி வந்தபோது மாமா உன்னைக் குளக்கரையில் வண்டியோடு விட்டுவிட்டு மடைக்கு ஓடினார். ஊரே ஓடியது. நான் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கியதும் கூவினார்கள், சிலர் அழுதார்கள். பயிர் அதற்குள் வைக்கோலாகிவிட்டது என்பது வேறு காரியம். ஒருவனும் திரும்பி உன்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். டிரங்குப் பெட்டி மேல் கையை வைத்து நீ நின்ற அந்த முகத்தை நம்பித்தான் சாவியைத் தந்திருக்கிறேன்.

ஷியாமளாவுக்குக் கணக்கில் மார்க் குறைவு. கவனி.

நீலகண்டன்


பாறசாலை
1957 ஜனவரி 16

அத்தானுக்கு,

ஷியாமளா நலம். வடக்கு மடையில் முறைப்படி தண்ணீர் விடுகிறோம். உங்கள் வயல் பச்சையாக இருக்கிறது.

அப்பா வந்தார். கூட நாலைந்து பேர். முற்றத்தில் நின்றார்கள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியைப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மனசு வச்சா நடக்கும்" என்றார். என் அப்பா என்னை "நீங்க" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. ஷியாமளா கதவோரம் வந்து நின்றாள். கைக்குழந்தையில் அப்பா தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. அவளையும் அவர் பார்க்கவில்லை. மடை, முறை, கதிர், கால்நடை, குடிக்கக்கூட இல்லை என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். சுகமாக இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்டால் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்துவிடலாம் என்று நின்றேன். கேட்பார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை.

"கமிட்டியில கேட்டுச் சொல்லுகேன்" என்றேன். என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது.

மறுபடியும் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டாம் தடவை விலாசினியும் வந்தாள். காது இரண்டும் வெறுமையாக இருந்தது. அவளும் தண்ணீரைத்தான் கேட்டாள்.

நான் திறக்கவில்லை. நீங்கள் சொன்னதற்காக இல்லை. ஆனால் திறக்கவில்லை.

ஆனந்தவல்லி


திருவனந்தபுரம்
1957 ஜனவரி 22

ஆனந்தவல்லிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருஷத்தில் இப்போதுதான் நீ இந்த வீட்டுக்காரி ஆனாய். எதற்காகத் திறக்கவில்லை என்று நீ விளக்க வேண்டாம். மடை பூட்டியிருக்கிறதா என்றுதான் குளம் பார்க்கும், ஏன் என்று பார்க்காது.

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாத அந்தப் பாதத்தில் பெருவிரல் அரிக்கிறது. பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான், இது வருஷக்கணக்காக இருக்குமாம். சொறிய முடியாத இடத்தில் அரிப்பது என்னவென்று இப்போது தெரிகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அனுப்பிவிடுவார்கள். வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். கார் பிடித்துக்கொண்டு நீயே வா. செல்லசாமி போதாது. படி இறங்க நீதான் தோள் கொடுக்க வேண்டும்.

நீலகண்டன்


பாறசாலை
1957 ஜனவரி 28

அத்தானுக்கு,

சிவதாணு போய்விட்டான். வெள்ளிக்கிழமை.

நண்பகலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக வந்தான். ஊரில் அவனை நிம்மதியாக இருக்க விடவில்லை என்கிறார்கள். நடந்து போனால் பின்னாலிருந்து, "மதராஸ் கேட்டியே, மதராஸ் வெள்ளம் எங்கலே?" என்று கூப்பிடுவார்களாம். ஓட்டு வீடு, ஓலை வீடு எல்லாவற்றிலிருந்தும் கேட்குமாம். அன்று காலையிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள். வைக்கோல் போரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நேரே குளத்துக்கு வந்திருக்கிறான். விரல் மடங்காத கையால் பூட்டை எப்படி உடைப்பான்? கடப்பாரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெம்பினானாம்.

"மடை ஒடைக்கான்" என்று சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் இருந்தேன். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாவி இடுப்பில் இருந்தது. ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. உடைக்கட்டும், அப்போது நான் திறந்ததாக ஆகாது, நான் தோற்றதாகவும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் தீயைத் தள்ளினேன். அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. நம் ஊர்க்காரர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.

தலையில் அடிக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை என்று செல்லசாமி சொல்கிறான். நான் போனபோது சிவதாணு கரையின் வெளிச்சரிவில் கிடந்தான். போலீஸ் வந்து எல்லைக் கல்லைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. "பிணம் மதராசில் கிடக்கிறது" என்று சொல்லித் தள்ளி நின்றது. மாலையில் அந்தப் பக்கத்துப் போலீஸ் வந்தது. அடி விழுந்தது உள்சரிவில், உருண்டது மட்டும்தான் இந்தப் பக்கம் என்று அவர்கள் சொன்னார்கள். நாடாவைப் பிடித்து அளந்தார்கள், அத்தான். ஒருவர் ஒரு முனை, இன்னொருவர் மறு முனை. நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவனைக் கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. பூட்டைத் திறந்து ஷட்டரை முழுவதும் தூக்கினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

ஆனந்தவல்லி


திருவனந்தபுரம்
1957 பிப்ரவரி 1

ஆனந்தவல்லிக்கு,

சிவதாணு காலமான செய்தி கண்டு வருந்தினேன். சிறு வயசு. மாமாவுக்கு என் அனுதாபத்தைச் சொல்லவும்.

இனிச் செய்ய வேண்டியது. விசாரணை வரும். இரண்டு சர்க்காரும் ஒருவர் மேல் ஒருவர் போட்டுவிட்டு ஓயும் என்றாலும் வரும். மடையை யார் பூட்டி வைத்தது என்று கேட்பார்கள். நான் இங்கே காலில்லாமல் கிடந்தேன். சாவி உன்னிடம் இருந்தது. நீ திறக்கவில்லை. நான் சொன்னதற்காக இல்லை என்று நீயே எழுதினாய். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல். உள்ளதைச் சொன்னால் ஒருவருக்கும் கேடு வராது, குறைந்தபட்சம் எனக்கு வராது.

துக்கத்தில் திறந்தாய். சரி. ஒரு நாள் போதும். இதைப் படித்ததும் அடைத்துவிடு. கமிட்டிக்காரர்கள் பொறுத்துக்கொண்டிருப்பது உன் முகத்துக்காக. அது வெகுநாள் செல்லாது. வடக்கு வயல் காய்ந்தால் உன்னை ஊரில் வைக்க மாட்டார்கள். நீ அடைக்காவிட்டால் நான் வந்து அடைப்பேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாவது அடைப்பேன்.

கார் ஏன் வரவில்லை? கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வராந்தாவில் பாயில் கிடக்கிறேன். நடக்கிறவர்கள் தாண்டிக்கொண்டு போகிறார்கள். கமிட்டிக்காரர்களுக்கு எழுதினேன், ஒருவனும் வரவில்லை. போலீசுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று கேள்வி. மூத்திரத்துக்குக்கூட ஒருவனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. நீ வர வேண்டும், ஆனந்தவல்லி. பழையதை நினைக்காதே. உடனே வா.

நீலகண்டன்


கண்ணன்விளை
1957 பிப்ரவரி 7

அத்தானுக்கு,

உள்ளதைச் சொன்னேன். இரண்டு பக்கத்து ஸ்டேஷனுக்கும் நானே போனேன். சாவி என்னிடம் இருந்தது, நான் திறக்கவில்லை என்றேன். இரண்டிலும் எழுதிக்கொள்ளவில்லை. மடையைப் பூட்டி வைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று ஒருவர் கேட்டார்.

கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மடையை அடைக்கச் சொன்னார்கள். "அவனை அடிச்சது யாருன்னு பேரைச் சொல்லுங்க, இப்பவே அடைக்கேன்" என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள். குளத்தில் இருக்கிறது இரண்டு ஊருக்கும் போதாது என்பது எனக்குத் தெரியும். உங்கள் வயல் மேற்கிலிருந்து மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது.

சிவதாணுவின் காரியத்துக்கு வந்திருக்கிறேன். ஷியாமளாவும் கூட இருக்கிறாள். பெண்கள் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அப்பாவைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். "நீங்க வந்தப்ப சாவி எனக்க இடுப்பிலதான் உண்டாயிருந்துது. ஒரு வார்த்தை என்னை விசாரிச்சிருந்தா தந்திருப்பேன். நீங்க விசாரிக்கல்ல. நான் தரல்ல. அதனாலயாக்கும் அவன் போனான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றுதான் நின்றேன். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண் என்னைத் தாண்டி வயலுக்குப் போயிற்று. வரப்போரம் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கும்பப்பூ இந்த வருஷமும் போய்விட்டது, ஆனால் மண் நனைந்திருந்தது. மகன் காரியத்துக்குப் பூசிய திருநீறு அவர் நெற்றியில் அப்படியே இருந்தது. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"மக்கா, வெள்ளம் நாளைக்கும் வருமா? வந்தா உளுந்தாவது வெதைக்கலாம்."

வரும் என்று சொல்லிவிட்டேன், அத்தான். அதனால் கார் வராது.

ஆனந்தவல்லி